அமிர்தவல்லி பாடாத தாலாட்டு

செத்தவரைப் புகழ ஒரு கூட்டம் போட்டால் போதும், ஊரில் உள்ள பொய்யெல்லாம் வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிடும். நெல்லித்தோப்புக் கல்யாண மண்டபத்தில் அன்று அப்படித்தான் உட்கார்ந்திருந்தது. மேடையில் ஆளுயரப் படம். அதற்கு ஆளுயர மாலை. 'கானக்கடல் அமிர்தவல்லி அம்மையாருக்கு இசை அஞ்சலி' என்று ஒரு பேனர். கடலாம். அந்தக் கடலுக்குச் சுருதி விலகும்போதெல்லாம் பின்னால் நின்று மூன்று பெண்களோடு சேர்ந்து அதை மூடி மறைத்தவள் நான். பேனரில் எங்களுக்கு இடமில்லை.

என் பெயர் ரோசா. சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது. ஆனால் என் குரல் முப்பது வருடமாக உங்கள் வீட்டுக்குள் வந்து போகிறது. சினிமாப் பாட்டில் கதாநாயகி ஓடும்போது பின்னால் வரும் 'ஆ...', வயலில் பெண்கள் போடும் குலவை, கன்னியாஸ்திரிகள் கூட்டமாகப் பாடுவது, பல்பொடி விளம்பரத்தில் சிரிக்கும் குழந்தை, தேர்தல் ஆட்டோவில் ஓட்டுக் கேட்கும் தங்கச்சி எல்லாம் நான்தான். மாதா கோயில் பாட்டுக்குழுவில் ஆரம்பித்தேன். அப்புறம் மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டு நானே ஒரு குழு வைத்தேன். யார் மேல் குரல், யார் கீழ்க் குரல், யார் எங்கே மூச்சு விடலாம் என்று பிரித்துக் கொடுப்பது என் வேலை. இசையமைப்பாளர்கள், "ரோசா, இந்த எடத்துல நீயே எதையாச்சும் போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். திரும்பி வந்து கேட்டுவிட்டு, தாங்கள் நினைத்ததும் இதேதான் என்பார்கள். என்னத்தைச் சொல்ல!

இதில் இன்னொரு வேலையும் உண்டு, டிராக் பாடுவது. பெரிய பாடகி வருவதற்கு முன்னால் பாட்டு முழுவதையும் என்னைப் போல ஒருத்தி பாடிப் பதிவு செய்துவிட வேண்டும். பாடகி வந்து, அதைக் காதில் மாட்டிக் கேட்டு, அதே மாதிரி பாடிவிட்டுக் காரில் ஏறிப் போவார். முதலில் பாடியதை அழித்துவிடுவார்கள். டிராக் பாடுகிறவள் தன் சொந்தக் குரலில் பாடக் கூடாது. பாட்டு யாருக்குப் போகிறதோ அவருடைய குரலில், அவருடைய குழைவில் பாட வேண்டும். அப்போதுதான் அந்த அம்மாளுக்குச் சட்டென்று பிடிபடும். அமிர்தவல்லி மாதிரி பாட என்னை விட்டால் ஆள் கிடையாது. மூக்கை லேசாக அடைத்துக்கொண்டு, வரி முடிகிற இடத்தில் கொஞ்சம் கெஞ்சினால் தீர்ந்தது. அவ்வளவுதான் கானக்கடல்.

அந்தத் தாலாட்டையும் அப்படித்தான் பாடினேன். அமிர்தவல்லிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. படம் வெளியாக நாள் குறித்தாகிவிட்டது. தயாரிப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கடைசியில் என் டிராக்கையே படத்தில் வைத்து, பெயரை மட்டும் அமிர்தவல்லி என்று போட்டு வெளியிட்டுவிட்டார்கள். அடுத்த படத்தில் உனக்குத் தனிப்பாட்டு என்றார் இசையமைப்பாளர். அவர் எனக்குக் காது குத்தினார், நானும் வலிக்காத மாதிரி நின்றேன். பாட்டு காட்டுத்தீயாய்ப் பரவியது. எந்த வீட்டுத் தொட்டிலைப் பார்த்தாலும் அந்தப் பாட்டு. அந்த அம்மாளுக்குப் பெரிய விருது கிடைத்தது அதற்குத்தான். வாங்கும்போது மேடையில் கண்ணீர் விட்டாராம். விட மாட்டாரா பின்னே!

நீ வாயைத் திறக்கவில்லையா என்று கேட்பீர்கள். திறந்தேன். வயிற்றெரிச்சல் என்றார்கள். கோரஸ்காரிக்கு வந்த ஆசையைப் பார் என்றார்கள். அதோடு விட்டார்களா? ஸ்டுடியோக்கள் கூப்பிடுவதை நிறுத்தின. என்னை நம்பி மூன்று பெண்கள் வீட்டில் உலை வைத்துக்கொண்டிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

போன மாதம் அமிர்தவல்லியைக் கருவடிக்குப்பத்தில் எரித்துவிட்டு வந்தார்கள். காரியம் முடிந்ததும் அவர் மகள் பூர்ணிமா இதே ஊரில் கதிர்காமத்தில் உள்ள என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். அம்மா சாகும் முன்னால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்றாள். சின்ன வயதில் அம்மா பாதி நாள் சென்னையில் ஸ்டுடியோவில் இருப்பாராம். வீட்டில் அந்தப் பாட்டைப் போட்டுத்தான் இவளைத் தூங்க வைப்பார்களாம். அம்மா பக்கத்தில் இருக்கிற மாதிரி இருக்கும் ஆன்ட்டி என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்து என்னத்தைத் திட்டுவது? அஞ்சலிக் கூட்டத்தில் நீங்கள் அந்தப் பாட்டைப் பாடுங்கள், பாடி முடித்ததும் நான் எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்கிறேன் என்றாள்.

எனக்கு வேண்டியதும் அது ஒன்றுதான். பல்பொடிக் குழந்தையை யார் பெயரில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும். இந்த ஒரு பாட்டை மட்டும் பாடியவள் ரோசா என்று ஊர் கேட்க ஒருத்தர் சொல்ல வேண்டும்.

ஒத்திகையில் என் சொந்தக் குரலில் ஆரம்பித்தேன். என் குழுவில் கீழ்க் குரல் பாடும் சரிதா பாதியில் நிறுத்தினாள். எங்களிடம் சேர்ந்து ஐந்தாறு வருடம்தான் ஆகிறது, அவளுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது.

"இன்னாக்கா, அந்தம்மா மாதிரி பாடலியா? ஜனங்களுக்கு அந்தக் கொரல்தான பழக்கம்."

என் பாட்டை என் தொண்டையில் பாட எவளிடம் கேட்க வேண்டும் என்று சீறினேன். அவள் மறுபடி கீழ்க் குரலைப் பிடித்தாள். என் குரல் கொஞ்சம் தடித்தது, அடியிலிருந்து வருவது. அதற்கேற்ற மாதிரி பாட்டை இறக்கி, மற்ற மூவருக்கும் புதிதாகக் குரல் பிரித்துக் கொடுத்தேன். நானே சொல்லிக்கொள்கிறேனே, அவ்வளவு அழகாக அமைந்தது.

மேடையிலும் அழகாகத்தான் பாடினோம். ஒரு இடம் பிசகவில்லை. முடித்ததும், சாம்பாரில் உப்பு குறைந்ததைச் சொல்லாமல் சாப்பிடுகிற விருந்தாளிகள் மாதிரி மரியாதைக்குக் கை தட்டினார்கள். ரசிகர் மன்றத் தலைவர் தணிகாசலம் எழுந்தார். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா, அந்தப் பென்ஷன் பணத்தில் மகன் மீசைக்கு மை பூசி, விரலுக்கொரு மோதிரம் போட்டு, சங்கீதம் பேசுவதே தொழிலாக இருக்கிறவர். மைக்கைப் பிடித்தார்.

"நல்லாத்தான் பாடுனாங்க, மெர்சி, ரொம்ப நன்றி. ஆனா அசலு அசலுதான். அம்மா கொரல்ல ஒரு தாய் இருந்தா. அது இதுல இல்ல."

தாயாம்! அந்தத் தாய் டிராக் பாடிய அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. கடைசிப் பஸ்ஸை விட்டுவிடுவோமே என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பாடினாள். அவளுக்கு அப்போது கல்யாணம்கூட ஆகியிருக்கவில்லை. எனக்கு நாக்கு துடித்தது. பூர்ணிமா சொல்லட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் சொன்னாள். சொல்ல மாட்டாளோ என்று பயந்துகொண்டிருந்தேன், பொய் சொல்லக் கூடாது, அந்தப் பெண் சொன்ன சொல் தவறவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு, தேங்காய் உடைத்த மாதிரி சொன்னாள்.

"இந்தத் தாலாட்ட பாடுனது எங்கம்மா இல்ல. ரோசா ஆன்ட்டி. எங்கம்மாவே எங்கிட்ட சொன்னாங்க."

இத்தனை வருடம் நான் காத்திருந்த நிமிஷம் அதுதான். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்போது தணிகாசலம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். பார்த்தீர்களா பெருந்தன்மையை, கூடப் பாடினவளுக்குத் தன் பாட்டையே தூக்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாரே மகராசி என்று தழுதழுத்தார். அவ்வளவுதான். எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். எனக்கில்லை, படத்துக்கு. இல்லை சார், நிஜமாகவே என்று பூர்ணிமா என்னவோ சொல்ல வந்தாள். மைக்கை அவள் கையிலிருந்து வாங்கிவிட்டார்கள். சரிதா என் காதோரம் வந்து, நிஜமாவா அக்கா என்று கேட்டாள். இவளுமா!

எனக்கு வந்ததே கோபம். இறங்கிப் போயிருக்கலாம். போகவில்லை. நான் பாடியதைக் கேட்ட பிறகுதானே நம்ப மறுக்கிறார்கள், என் குரலே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டதே என்று வயிறு எரிந்தது. மைக் முன்னால் போய் நின்றேன். வாத்தியக்காரர்களைக் கையமர்த்தினேன். மூக்கை லேசாக அடைத்துக்கொண்டு, வரிக்கு வரி கெஞ்சி, அன்றைக்கு ஸ்டுடியோவில் எப்படிப் பாடினேனோ அப்படியே முதல் சரணத்தைப் பாடினேன்.

முதல் வரியிலேயே ஒரு கிழவர் எழுந்து கும்பிட்டார். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். முன்வரிசை வெள்ளைச் சட்டைகள் ஒன்றுவிடாமல் கண் கலங்கின. இப்போதாவது உறைக்கிறதா என்று பார்த்துக்கொண்டே பாடினேன். இந்தக் குரல் யாருடையது என்று இப்போதாவது விளங்குகிறதா? பாடி முடித்ததும் கை தட்டக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை.

"அம்மாவே நேர்ல வந்துட்டாங்க" என்றார் தணிகாசலம். "இன்னா மிமிக்ரி! இன்னா மிமிக்ரி!"

அதற்கப்புறம் கூரை அதிரக் கை தட்டினார்கள். பலகுரல் கலைஞர் ரோசா என்று அறிவிப்பாளர் என் பெயரை மைக்கில் சொன்னார். மேடை அறிவிப்பில் என் பெயரை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் சிரித்தேனா என்ன செய்தேன் என்று ஞாபகம் இல்லை.

பூர்ணிமா ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் முகம் என் கழுத்தில் ஈரமாகப் பட்டது. அம்மா, அம்மா என்று தேம்பினாள். உண்மையை ஊர் கேட்கச் சொன்னவள் உலகத்தில் அவள் ஒருத்திதான், அவளும் இப்படி அழுதால் நான் யாரிடம் போய்ச் சொல்வது?

"அது உங்கம்மா இல்லடி" என்றேன். "நான்."

"தெரியும் ஆன்ட்டி." அவள் கையை எடுக்கவில்லை. "இன்னும் ஒரே ஒரு வாட்டி பாடுங்க."

"யாரு கொரல்ல?"

அவள் கண் மேடையில் இருந்த ஆளுயரப் படத்துப் பக்கம் போனது. தலையைக் குனிந்துகொண்டாள்.