சம்பந்தியின் நாட்டைப் புகழ்தல்

லூர்தெஸ் சோபாவின் நுனியில் உட்கார்ந்து, மடியிலிருந்த அலுமினியத்தாள் மூடிய தட்டை யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் எங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அத்தான் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலை நான் அறிவேன். மேடையில் ஒலிவாங்கியைப் பிடிப்பதற்கு முன்பு வருவது. அக்கா புனிதவதியும் அறிவாள். அதனால்தான் பாய்ந்துபோய்த் தட்டை வாங்கி, இது என்ன, அரிசிமாவா கோதுமையா, எவ்வளவு நேரம் அவிக்க வேண்டும் என்று கேள்விமேல் கேள்வியாகக் கேட்கத் தொடங்கினாள். பயனில்லை. அக்காவின் புருஷன் சண்முகலிங்கம் பேசுவதென்று தீர்மானித்துவிட்டால் வீடு பற்றி எரிந்தாலும் பேசி முடித்துவிட்டுத்தான் தண்ணீர் தேடுவார்.

சம்பந்தம் பேச வருகிறவர்களுடைய ஊரைப் பற்றி முதலில் நல்லதாக ஏதாவது சொல்லவேண்டும் என்பது எங்கள் ஆட்களுடைய வழக்கம். கரவெட்டி என்றால் படிப்பு. சாவகச்சேரி என்றால் மாம்பழம். தீவுப்பகுதி என்றால் வியாபாரம். ஒன்றுமே தெரியாவிட்டால் நல்ல தண்ணி உள்ள இடமாம் என்றாவது சொல்லி வைப்பார்கள். அக்காவின் மகள் நிரோஷினி தன்னோடு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் மரியோ என்ற பிலிப்பினோப் பையனைத்தான் கட்டுவேன் என்று நின்றபோதே இந்த வழக்கத்தைக் கழற்றி வைத்திருக்கலாம். அத்தான் கழற்றவில்லை. பிலிப்பைன்ஸைப் பற்றி அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அதைப் பூமாலை போலக் கையிலெடுத்துக்கொண்டு வந்து, கனடாவில் பிக்கரிங்கிலுள்ள தன் வீட்டின் வரவேற்பறையில் வைத்து, மரியோவின் தாயார் லூர்தெஸின் கழுத்தில் போட்டார்.

"உங்கள் நாட்டில் போதைவஸ்துக்காரரைச் சுட்டார்களே, அதுதான் சரியான வேலை" என்று ஆங்கிலத்தில் சொன்னார். "கனடாவுக்கு அந்த முள்ளந்தண்டு இல்லை. எனக்கு உங்கள் நாட்டின் மேல் பெரிய மதிப்பு, மேடம்."

சொல்லிவிட்டு, பரிசு கொடுத்தவனுடைய முகத்தோடு சாய்ந்து உட்கார்ந்தார்.

இது அவர் அன்றைக்குப் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. ஊர் மன்றத்தின் போதையொழிப்பு உபகுழுவுக்கு அத்தான்தான் தலைவர். வருடத்துக்கு ஒருமுறை ஸ்காபுறோவில் ஒரு ஹோல் எடுத்து, குத்துவிளக்கேற்றி, அகவணக்கம் செலுத்தி, விழிப்புணர்வு ஊட்டுவார்கள். ஊட்டப்படுகிறவர்களில் பாதிப்பேர் பென்ஷன்காரர். இளம்பிள்ளைகள் நடனம் ஆட வருவார்கள், ஆடி முடிந்ததும் காருக்குள் போயிருந்து ஃபோன் பார்ப்பார்கள். அத்தான் மேடையில் பிலிப்பைன்ஸை எடுத்து விரிப்பார். "வழக்கு, கோடு கச்சேரி ஒண்டுமில்லை. போனான், கதவைத் தட்டினான், சுட்டான். முடிஞ்சுது பிரச்சினை!" கைதட்டல் விழும். தட்டிய அதே கைகள் கூட்டம் முடிந்ததும் பார்க்கிங்கில் கார் டிக்கியைத் திறந்து, பிளாஸ்டிக் கப்பில் விஸ்கியை ஊற்றிப் பிடித்துக்கொண்டு, பொடியள் கெட்டுப்போவதைப் பற்றிக் கவலைப்படும். அத்தான் அங்கேயும் நடுவில் நிற்பார். தலைவர் அல்லவா. அந்த உபகுழுவால் ஒரு பிள்ளையாவது ஒரு மாத்திரையை வேண்டாமென்று கீழே வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. என் பிள்ளைக்கு இந்தப் பழக்கம் வந்துவிட்டது, என்ன செய்ய என்று ஒரு தாயாவது அவர்களிடம் வந்ததாகவும் கேள்விப்பட்டதில்லை. எப்படி வருவாள்? சுடவேண்டும் என்கிறவனிடம் போய் எந்தத் தாய் பிள்ளையைக் காட்டுவாள்?

லூர்தெஸ் தட்டு இல்லாத கைகளை மடியில் வைத்துக்கொண்டார். மரியோ தாயின் பக்கம் திரும்பி அவர்களுடைய பாஷையில் ஏதோ மெதுவாகச் சொன்னான். போவோம் என்றிருக்க வேண்டும். அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

"என் மூத்த மகனையும் சுட்டார்கள்" என்றார். "யோசப். மரியோ உங்களிடம் சொல்லவில்லையா?"

அக்கா கையிலிருந்த தட்டை வைப்பதற்கு இடம் தேடினாள். நிரோஷினி தகப்பனைப் பார்த்த பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது. ஒரு மனிதன் பிழைவிட்டுவிட்டால் அதிலிருந்து எழும்பி வர ஒரு சிறிய இடைவெளி கிடைக்கும். ஐயோ, தெரியாமல் சொல்லிப்போட்டன் என்று இரண்டு சொல் போதும். அத்தானுக்கும் அது கிடைத்தது. அவர் அதை வைத்துக்கொண்டு யோசித்துவிட்டுக் கேட்டார்:

"அவர் போதை பாவித்தவரா?"

லூர்தெஸ் ஒளிக்கவில்லை. பாவித்தவன்தான் என்றார். அவர் இங்கே கனடாவில் யாரோ ஒருவருடைய தகப்பனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த வருடங்களில், அங்கே மணிலாவுக்குப் பக்கத்தில் யோசப் இரவிரவாக லொறி ஓட்டினான். நித்திரை வராமலிருக்க ஓட்டிகள் இழுக்கும் சாமானை அவனும் இழுத்தான். பிள்ளைகளைக் கூப்பிடும் அனுமதி வந்தபோது மரியோவுக்கு வயது சரியாக இருந்தது. யோசப்புக்குக் கடந்துவிட்டது. சட்டத்தில் அவன் பிள்ளை இல்லை என்றாகிவிட்டது. பிறகு அந்த நாட்டில் புதிய ஆட்சி வந்து, பொலிஸ் வீடு வீடாகத் தட்டத் தொடங்கியது. தாங்களாக வந்து பெயர் கொடுக்கிறவர்களுக்கு மன்னிப்பு, திருந்த வழி காட்டுவோம் என்றார்கள். நான்தான் ஃபோனில் சொன்னேன் என்றார் லூர்தெஸ், போய்ப் பெயரைக் கொடு மகனே என்று. போனான். கையெழுத்து வாங்கினார்கள். காலையில் பாஸ்கெட்போல் திடலில் எல்லாரையும் நிற்கவைத்து, பாட்டுப் போட்டு ஆடவைத்தார்கள். அதுதான் சிகிச்சை. அவன் ஆடுகிற வீடியோவை எனக்கு அனுப்பினான், சிரித்துக்கொண்டு ஆடினான், உடம்பு கூட வைத்திருந்தது. விட்டுவிட்டான். உண்மையாகவே விட்டுவிட்டான். அதற்குப் பிறகுதான் ஒரு நாள் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்து கதவைத் தட்டினார்கள். செத்துக் கிடந்தவன் நெஞ்சின்மேல் ஒரு அட்டை வைத்திருந்தார்கள், இவன் விற்கிறவன் என்று எழுதி.

அவர் அழவில்லை. சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரல்.

"ஓ" என்றார் அத்தான். மேசையிலிருந்த ரோல்ஸ் தட்டை லூர்தெஸ் பக்கம் தள்ளினார். "சாப்பிடுங்கள். மட்டன்தான்."

அவர்கள் சாப்பிடாமல் போனார்கள். லூர்தெஸ் வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருக்கும்போது அக்கா அவருடைய தோளைப் பிடித்தாள், பிறகு விட்டாள். கார் தெருமுனை திரும்பியதும் அத்தான் கதவைப் பூட்டினார்.

"நல்லகாலம், முதல்லயே வெளியில வந்திட்டுது" என்றார். "பரம்பரையில கிடக்கு. நாளைக்கு எங்கட பேரப்பிள்ளைக்கு வராதெண்டு என்ன நிச்சயம்?"

"அப்பா, ஆர் யூ சீரியஸ்?" என்றாள் நிரோஷினி. "அவை உங்கட வீட்டை வந்து சொல்லினம், எங்கட பிள்ளையைச் சுட்டவங்கள் எண்டு. யூ ஆஃபர்ட் தெம் ரோல்ஸ்!"

"பின்ன? பட்டினியா அனுப்புறதே?"

"ஒரு சொறி சொல்லியிருக்கலாம்."

"நான் என்னத்துக்குச் சொறி சொல்லுறது? நானே சுட்டனான்? நான் அவையின்ர நாட்டைப் புகழ்ந்தனான். ஒரு குற்றமும் இல்லாதவன் போய்ப் பேர் குடுப்பானே? பேபி, நீ சொல்லு."

மைத்துனியென்றால் தன் பக்கம் தலையாட்ட வேண்டுமென்று அவருக்கு ஒரு நம்பிக்கை. நான் மேசையிலிருந்த கப்புகளை எடுத்துக்கொண்டு குசினிப் பக்கம் திரும்பினேன். அப்போதுதான் அக்கா வாய் திறந்தாள். என் அக்கா சபையில் புருஷனை மறுத்துப் பேசி நான் பார்த்ததில்லை. சபை இல்லாத இடத்திலும் பார்த்ததில்லை.

"உங்களுக்கும் ஒரு சாக்குத்தலை ஆடினதுதானே?" என்றாள்.

அத்தானுடைய கதை அது. எந்தப் பிறந்தநாள் விழாவிலும் இரண்டாவது கப்புக்குப் பிறகு வரும். ஊரில் ஆமிக்காரன் சுற்றிவளைத்தபோது பள்ளிக்கூட மைதானத்தில் ஆண்களை வரிசையாக நடக்கவிட்டது, ஜீப்புக்குள் சாக்கால் மூடி உட்காரவைத்திருந்த, ஆளைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டி இவர் முறை வந்தபோது தலையை ஆட்டியது, முகாமுக்குள் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டது, பெற்றதாய் முகாம் வாசல் மண்ணில் விழுந்து கிடந்து இவரை மீட்டது. இந்த நாடு அவரை அகதியாக ஏற்றுக்கொண்டதும் அந்தக் கதையை நம்பித்தான். அதைச் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் அவருக்குக் குரல் அடைக்கும். பொய்யில்லை, உண்மையாகவே அடைக்கும்.

"அது வேற" என்றார். "நான் ஒரு குற்றமும் செய்யேல்லை."

"அதை அவங்கள் கேட்டவங்களே?"

அத்தான் அவளைப் பார்த்தார். உள்ளே ஏதோ ஒன்று அசைந்து மேலே வரப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. அது வருவதற்குள் அமுக்கிவிட்டார்.

"உனக்கு அரசியல் விளங்காது, வாயைப் பொத்திக்கொண்டிரு" என்று சொல்லி பேஸ்மென்ற்றுக்கு இறங்கிப்போய் ரீவியைப் போட்டார். வெகுநேரம் யாரோ ஒரு ஆய்வாளர் உலக அரசியலை விளங்கப்படுத்தும் சத்தம் மேலே வந்துகொண்டிருந்தது.

மரியோ மறுநாள் நிரோஷினியிடம் ஒன்று மட்டும் சொல்லியிருந்தான். உன் அப்பா என் அம்மாவிடம் ஒரு மன்னிப்புக் கேட்கட்டும். கேட்காவிட்டால் அம்மா கல்யாணத்துக்கு வரமாட்டா. அம்மா வராமல் நான் கட்டமாட்டேன். அவன் கோபத்தில் சொல்லவில்லை என்றும், கோபத்தில் சொல்லியிருந்தால் தனக்குப் பயம் இருந்திராது என்றும் அவள் என்னிடம் சொன்னாள். "சின்னம்மா, அப்பா லைஃப்ல ஆரிட்டயாவது மன்னிப்புக் கேட்டதைப் பார்த்திருக்கிறீங்களோ?" நான் யோசித்துப் பார்த்தேன். கோயிலில்கூட அவர் கும்பிடுவது கணக்குக் கேட்பது போலத்தான் இருக்கும்.

யோசப்பின் நினைவுநாள் சனிக்கிழமை வந்தது. லூர்தெஸ் எங்களைக் கூப்பிடவில்லை. மரியோ நிரோஷினியைக் கூப்பிட்டான், நிரோஷினி எங்களைக் கூப்பிட்டாள். அக்கா காலையிலேயே குளித்து, செத்தவீட்டுக்குக் கட்டும் வெளிர்நிறச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து சோபாவில் உட்கார்ந்தாள். காரோட்டத் தெரியாதவள். "நான் வரேல்லை" என்று அத்தான் சொன்னதற்கு, "நான் பஸ்ஸில போவன்" என்றாள். பிக்கரிங்கிலிருந்து அவள் தனியாக பஸ் ஏறியதில்லை. ஊரார் பஸ் தரிப்பில் தன் மனைவியைச் சேலையோடு பார்ப்பார்கள் என்ற எண்ணம்தான் அத்தானை எழுப்பியது என்று நினைக்கிறேன். கார்த் திறப்பை எடுத்தார். வழி முழுக்க, கஞ்சாவைச் சட்டமாக்கிய அரசாங்கத்தைத் திட்டினார். பிளாஸாக்கள் கடந்துபோகப்போக, கொத்துரொட்டிக் கடைக்கு அடுத்ததாக இருந்த கஞ்சாக் கடைகளைச் சுட்டிக் காட்டிக்கொண்டு வந்தார். பனி கொட்டத் தொடங்கியிருந்தது.

வெக்ஸ்போர்ட்டில் அவர்களுடைய கட்டடத்துக்குக் கீழே காரை நிறுத்தினார், ஆனால் இறங்கவில்லை.

"நீங்கள் போட்டு வாங்கோ. எனக்கு லிஃப்ற் ஒத்துவராது."

சி.என். கோபுரத்தின் உச்சிவரை லிஃப்ற்றில் ஏறிப் படம் எடுத்து, அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் மனிதர்.

"அப்பா, பிளீஸ்" என்றாள் நிரோஷினி. அவர் சீற்றைப் பின்னால் சரித்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

மேலே, சின்ன அப்பார்ட்மென்ற் நிறைய ஆட்கள். செபம் முடிந்து சாப்பாடு எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் பக்க மேசையில் யோசப்பின் படம், அதற்கு முன்னால் ஒரு கோப்பையில் சோறு, வறுத்த மீன், ஒரு கிளாஸ் பியர். அக்கா அதைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"படைச்சிருக்கினம் பேபி" என்றாள் மெதுவாக. "எங்களைப் போலத்தான்."

படத்தின் முன்னால் போய் நின்றாள். விரலை நனைத்துக் கோப்பையைச் சுற்றித் தண்ணீர் தெளிக்கப் போனவள், உரிமை உண்டோ என்று நினைத்து நிறுத்தி, கையை மட்டும் கூப்பினாள். லூர்தெஸ் பார்த்துக்கொண்டிருந்தார். வந்து அக்காவின் பக்கத்தில் நின்றார்.

"உங்கள் கணவர்?"

"பார்க்கிங்" என்று, கார் விடப் போயிருப்பதுபோலச் சொல்லிவிட்டு, அக்காவால் அந்தப் பொய்யைத் தொடர முடியவில்லை. நான்தான் சொன்னேன், கீழே காருக்குள் இருக்கிறார், வரமாட்டாராம் என்று.

லூர்தெஸ் ஜன்னலருகில் போய்க் கீழே பார்த்தார். நல்ல மனம் படைத்தவர், கருணை உள்ளவர், ஒரு தட்டில் சாப்பாடு போட்டு அனுப்பிவிடுவார் என்று நான் எதிர்பார்த்தேன் போலும். அவர் அப்படி ஒன்றும் செய்யவில்லை.

"அவர் ஏறி வரட்டும்" என்றார். "நான் போதுமான தடவை இறங்கியாயிற்று."

நிரோஷினி சுவரோடு சாய்ந்து நின்றாள். அவளுடைய முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. மரியோ பார்த்தான். தாயிடம் ஒன்றும் கேட்காமல், ஜாக்கெற்றைக்கூடப் போடாமல், ஸ்வெற்றரோடு கதவைத் திறந்துகொண்டு போனான்.

நாங்கள் எல்லாரும் ஜன்னலுக்கு வந்தோம். பார்க்கிங்கில் எல்லாக் கார்களும் ஒரே வெள்ளையாகியிருந்தன. புகைக்குழாயிலிருந்து ஆவி போவதை வைத்துத்தான் அத்தானுடையது எதுவென்று தெரிந்தது. மரியோ அதன் பக்கத்தில் போய், கையை மடக்கிக் கண்ணாடியில் தட்டப் போனான். தட்டாமல் நிறுத்தினான். அவன் ஏன் நிறுத்தினான் என்று லூர்தெஸுக்குத் தெரிந்திருக்க வேண்டும், கையை வாயில் வைத்துக்கொண்டார். பிறகு அவன் ஸ்வெற்றர் கையை விரல்களுக்கு மேலால் இழுத்துவிட்டு, முன்கண்ணாடியில் மூடியிருந்த பனியைத் துடைக்கத் தொடங்கினான். ஓட்டுநர் பக்கம் துடைத்தான். சுற்றிப்போய் மற்றப் பக்கம் துடைத்தான். அங்கே துடைத்து முடிப்பதற்குள் இங்கே மறுபடி வெள்ளை விழுந்திருந்தது. அவன் திரும்பி வந்து முதலிலிருந்து துடைத்தான்.