திரும்பி வரும் சூடு

காலை ஒன்பது நாற்பதுக்கு, திரும்பும் குழாய் அறுபத்தொரு டிகிரி காட்டியது. பாமா கைப்பேசியைத் தட்டிப் பார்த்தாள். தட்டினால் குறைகிற எண் அல்ல அது.

அப்டன் பார்க்கில் அந்தக் கட்டடத்துக்குப் பதினோரு மாடி. எந்த வீட்டிலும் தனி பாய்லர் கிடையாது. அடித்தளத்தில் இரண்டு பழைய எரிவாயு பாய்லர்கள் தண்ணீரைச் சூடாக்கி எல்லா வீட்டுக்கும் அனுப்பும். வீடுகள் சூட்டை எடுத்துக்கொள்ளும். ஆறிய தண்ணீர் இன்னொரு குழாயில் கீழே வரும். ஆறாமல் வந்தால், எங்கோ யாரோ சூட்டை வீணாக்குகிறார்கள்.

அரை மைலுக்கு அப்பால் ஆயிரக்கணக்கான கணினிகள் ஓடும் ஒரு டேட்டா சென்டர் இரவும் பகலும் சூட்டை வானத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துத் தெருவுக்கடியில் குழாய் வழியாக வீடுகளுக்குக் கொண்டுவருவது பாமாவின் வேலை. நாட்டில் நூறு வீட்டுக்கு மூன்றோ நான்கோதான் இப்படிப் பொதுச் சூட்டில் இருக்கின்றன. இருபதாக்க வேண்டும் என்கிறது அரசாங்கம். அலுவலகத்தில் அந்த எண்களை வைத்து அழகழகாகப் படம் காட்டுவார்கள். பாமாவிடம் இருந்தது ஒரு கட்டடம்.

புதுக் குழாயில் வரப்போவது இதமான சூடுதான். தண்ணீர் நன்றாக ஆறித் திரும்பும் கட்டடத்துக்கே அது ஒத்துவரும். நாற்பத்தைந்துக்குக் கீழே. இன்று மூன்று மணிக்குள் அந்த எண்ணை அனுப்பினால் இந்தக் குளிர்காலமே இணைப்பு. இல்லையென்றால் தெருவைத் தோண்டும் ஆட்கள் வேறு கட்டடத்துக்குப் போய்விடுவார்கள். இது இன்னும் மூன்று வருடம் பழைய பாய்லர்களோடு கிடக்கும். விட்டுவிடு என்று அலுவலகத்தில் எல்லோரும் சொன்னபோது, முடியும் என்றவள் அவள்.

மாடி மாடியாக ஏறிக் குழாயைத் தொட்டுப் பார்த்தாள். ஐந்தாம் மாடியில் ஒரு வீட்டு வாசலில் கை சுட்டது. மணியை அடித்தாள்.

அறுபது தாண்டிய ஓர் அம்மா திறந்தார். இம்மாகுலேற்.

"ஹீட்டிங்கோ? இஞ்ச ஒரு பிழையும் இல்லையே. நல்லா வேலை செய்யுது." பிறகு பாமாவின் கழுத்தில் தொங்கிய அட்டையைப் படித்தார். "தமிழோ? உள்ளுக்கு வாங்கோ பிள்ளை. இந்தியாவோ?"

"ஆமாம்மா. திருச்சி."

"தனிய இருக்கிறியள் போல. மெலிஞ்சு போய் நிக்கிறியள். இஞ்சேருங்கோ, தேத்தண்ணி வையுங்கோ!"

அவர் கணவர் செபமாலைமுத்து அடுப்படிக்குப் போனார்.

பொதுக் குழாயிலிருந்து வீட்டுக்குச் சூட்டை எடுத்துக்கொடுக்கும் ஹீட்டிங் பெட்டி நடையில் ஓர் அலுமாரிக்குள் இருந்தது. இம்மாகுலேற் அதன் முன்னால் வந்து நின்றுகொண்டார்.

"அதுக்குள்ள ஒண்டும் இல்லை."

"ஒண்ணும் இல்லேன்னா திறக்கலாமேம்மா."

திறந்ததும் பாமா மூன்று முறை தும்மினாள். ஐந்து தட்டுகள். ஐந்திலும் மோர்மிளகாய். குழாய்களைச் சுற்றியிருந்த உறை உரிக்கப்பட்டிருந்தது. கீழே ஒரு சின்ன வால்வு முழுவதும் திறந்து கிடந்தது. பெட்டி பொருத்திய நாளில் குழாயைக் கழுவுவதற்காக வைத்தது. அதைத் திறந்தால் சுடுதண்ணீர் வீட்டுக்குப் பயன்படாமல், அலுமாரியை மட்டும் சூடாக்கிவிட்டு நேரே திரும்பிவிடும்.

"இதை யார் திறந்தது?"

"நான் இல்லை" என்றார் செபமாலைமுத்து அடுப்படியிலிருந்து.

"இந்த நாட்டு வெயிலில மிளகாய் காயுமோ? நீங்களே சொல்லுங்கோ" என்றார் இம்மாகுலேற். "சவேரியார் திருநாளுக்குக் கோயில் ஹோலில இருநூறு பேருக்குச் சாப்பாடு. மோர்மிளகாய் இல்லாட்டி ஃபாதரே கேப்பார்."

பாமா நடையிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். பழைய பாய்லர், புதுக் குழாய், மூன்று மணி. இம்மாகுலேற் குறுக்கிடாமல் கேட்டார்.

"போன மாரிக் குளிருக்கு அந்தப் பொயிலர் ஒன்பது நாள் வேலை செய்யேல்லை. இவர் சப்பாத்தோட படுத்தவர்."

"ரெண்டு சோடி சொக்ஸ். சப்பாத்து இல்லை" என்றது அடுப்படி.

"உங்கட புதுசு பழுதாகாதோ?"

"ஆகாதுன்னு சொல்ல மாட்டேம்மா. ஆனா போகப் போக ரெண்டு மூணு இடத்துலேருந்து சூடு வரும். ஒண்ணு நின்னா இன்னொண்ணு."

"இந்த அலுமாரி?"

"இவ்வளவு சூடா இருக்காது. பொய் சொல்லலை."

இம்மாகுலேற் ஒரு மிளகாயை எடுத்து நசுக்கிப் பார்த்தார். இன்னும் இரண்டு நாள் வேண்டும். தட்டில் போட்டார். குனிந்து வால்வைத் தானே திருகிப் பூட்டினார்.

அரை மணி நேரம் கழித்துப் பாமா கைப்பேசியைப் பார்த்தாள். அறுபது.

"ஒரு டிகிரிதான் குறைஞ்சிருக்கு. இது மட்டும் இல்ல போலிருக்கே."

இம்மாகுலேற் மேசை விரிப்பை இழுத்துச் சரிசெய்தார். "கோவிக்கக் கூடாது பிள்ளை. இருநூறு பேருக்கு இந்த ஒரு அலுமாரி காணுமோ?"

ஒன்பது வீடுகளில் அலுமாரி இப்படி. எல்லாம் ஒரே கோயில் பங்கைச் சேர்ந்தவை. பாமா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இம்மாகுலேற் தன் கைப்பேசியில் செபமாலை சொல்பவர்களின் வாட்ஸாப் குழுவைத் திறந்து வாயருகே பிடித்தார்.

"பிள்ளையள், எல்லாரும் அந்த வால்வை இப்பவே பூட்டுங்கோ. நான்தான் திறக்கச் சொன்னனான், நான்தான் பூட்டச் சொல்லுறன். ஏன் எண்டு பிறகு சொல்லுறன்."

கும்பிட்ட கைகள் வரத் தொடங்கின. ஒருத்தி, தன் அலுமாரியில் கிடப்பது கருவாடு, அதற்கும் பூட்ட வேண்டுமா என்று கேட்டிருந்தாள்.

"ஓம், கருவாட்டுக்கும்தான்."

ஒரு மணிக்கு ஐம்பத்துநான்கு. இரண்டு மணிக்கு நாற்பத்தெட்டு. இரண்டரைக்கு நாற்பத்தாறு. அங்கேயே நின்றது. கும்பிட்ட கைகளை எண்ணினால் இம்மாகுலேற்றோடு சேர்த்து எட்டு.

"எட்டாம் மாடி கிறிஸ்துநாயகம்" என்றார் செபமாலைமுத்து. "வேர்ஹவுஸ் ஷிப்ட். போன் எடுக்க ஏலாது."

திரு இருதயப் படத்துக்குக் கீழே ஆணியில் ஒரு சாவிக்கொத்து தொங்கியது. இம்மாகுலேற் அதை எடுத்தார்.

"ஆளில்லாத வீட்டுக்குள்ள நான் போகக் கூடாதும்மா."

"நீங்கள் ஏன் போறியள்? வாசலில நில்லுங்கோ. நான் அவரின்ர சாடிப் பூமரத்துக்குத் தண்ணி விடப் போறன். வெள்ளிக்கிழமையில நான்தான் விடுறனான்."

எட்டாம் மாடி வாசலில் பாமா நின்றாள். உள்ளே இம்மாகுலேற் தும்மும் சத்தம். பிறகு அவர் கதவைப் பூட்டிக்கொண்டு வந்தார்.

"பூமரம் எப்படிம்மா இருக்கு?"

"பூட்டியாச்சு."

இரண்டு ஐம்பத்துநான்குக்கு நாற்பத்துநான்கு காட்டியது. பாமா அதைப் படம் எடுத்து அனுப்பினாள். அலுவலகத்திலிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது. அது போதுமாக இருந்தது.

ஐந்தாம் மாடிக்கு இறங்கி வந்தபோது தட்டுகள் சாப்பாட்டு மேசைக்கு மாறியிருந்தன. செபமாலைமுத்து மேசை விசிறியை அவற்றின் பக்கம் திருப்பிவிட்டு, ஜன்னலைத் திறப்பதா வேண்டாமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நவம்பர் வானம். திறக்கவில்லை.

பாமாவுக்குச் சோறும் பருப்பும் வந்தன. காய்ந்தவரை காய்ந்த மிளகாயில் நாலைப் பொரித்து ஓரத்தில் வைத்தார் இம்மாகுலேற். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. ஒன்றைக் கடித்தாள். நடுவில் கொஞ்சம் ஈரம் இருந்தது. நன்றாக இருந்தது. இன்னொன்றை எடுத்தாள்.

இம்மாகுலேற் எதிரே உட்கார்ந்து அவள் சாப்பிடுவதைப் பார்த்தார்.

"எல்லாம் சரி. நாடு முழுக்கக் குழாய் போடப் போறியள். அப்ப வாற வருசம் நாங்கள் மிளகாயை எங்க காயப் போடுறது, பிள்ளை?"