பட்டாணிக்கு நாலு டயர்

டயர் வாங்க வந்த இடத்தில் சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்த ஆளை அந்தக் கடைக்காரர் அதற்கு முன் பார்த்ததில்லை. வந்தவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தார். டயரின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் பதித்திருந்ததையெல்லாம் வரி விடாமல் படித்தார். அகலம், தாங்கும் எடை, ஓடக்கூடிய வேகம், எந்த வருஷம் எந்த வாரம் வார்த்தது என்பது வரைக்கும். படித்து முடித்து நிமிர்ந்து, இது வேண்டாம், போன வருஷச் சரக்கு என்றார்.

டயர் என்ன ரொட்டியா, பூசணம் பூக்க? கடைக்காரருக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஸ்போர்ட்ஸ் காரோடு வந்தவர்கள் என்பதால் விழுங்கிக்கொண்டார். கூட வந்த மாப்பிள்ளை வாசலில் நின்ற காரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமனாரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவர் பார்த்த உத்தியோகம் அப்படி. ஓர் அச்சகத்தில் தலை நரைக்கும் வரை மெய்ப்புத் திருத்தியவர். பிழை கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்கிய மனிதர், ஓய்வு பெற்ற பிறகு அதை இலவசமாகச் செய்துகொண்டிருந்தார். கல்யாண அழைப்பிதழை நீட்டினால் வாழ்த்துவதற்கு முன் விடுபட்ட ஒற்றெழுத்தைச் சுட்டிக்காட்டுவார். அதனாலேயே தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவருக்கு நேரில் கொடுக்காமல் தபாலில் அனுப்பினார்கள்.

கடைசி மெய்ப்பில் பிழை இல்லையென்றால் ஓரத்தில் "அச்சிடலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது அச்சகத்து வழக்கம். அந்த வார்த்தையை எழுதிவிட்டால் பக்கம் அவர் கையை விட்டுப் போய்விடும். அதன் பிறகு கண்ணில் படும் பிழையை யாராலும் திருத்த முடியாது. அதனால் அதை எழுத அவருக்கு லேசில் மனம் வராது. இயந்திரத்துக்காரர்கள் காத்துக் காத்துக் கடுப்பாவார்கள். வீட்டிலும் அந்த வார்த்தை புழங்கியது. தாயில்லாமல் வளர்ந்த ஒரே மகள், சினிமாவுக்குப் போக வேண்டுமென்றாலும் முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்ள வேண்டுமென்றாலும், "அச்சிடலாமாப்பா?" என்றுதான் வந்து நிற்பாள்.

இந்த மாப்பிள்ளையை அவள் அழைத்து வந்து காட்டியபோது மாமனார் ஆறு மாசம் குறை தேடினார். சிரிப்பு அதிகம், உப்பு குறைந்தால்கூடச் சொல்லாமல் சாப்பிடுகிறான், பாலம் கட்டுகிறவனுக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது என்று ஏதேதோ சொன்னார். கடைசியில் ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது, சரி, அச்சிடலாம் என்றார். மகள் ஈரக் கையோடு அவரைக் கட்டிக்கொண்டாள்.

அந்தக் கார் அவளுடையது. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் அவள். "நாள் பூரா எல்லாரையும் தூங்க வைக்கிறேன்ப்பா. என்னை முழிக்க வைக்க ஒண்ணு வேணாமா?" என்று சொல்லி, யாரோ ஓட்டிச் சலித்த வண்டியை வாங்கி வந்தாள். தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும் பச்சை வண்டி. இரண்டே இருக்கை. பட்டாணி என்று அவளே பெயர் வைத்தாள். அதில் ஏறி உட்காருவதற்குள் மாமனாருக்கு இடுப்பு கழன்றுவிடும். இறங்க யாராவது கை கொடுக்க வேண்டும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் சுற்று அப்பாவோடுதான்.

போன மழைக்காலத்தில் வயிற்று வலி என்று படுத்தாள். மழை விடுவதற்குள் போய்விட்டாள். எத்தனையோ பேரைத் தூங்க வைத்து எழுப்பியவளை எழுப்ப ஒருவராலும் முடியவில்லை.

அதன் பிறகு பட்டாணி ஓடவில்லை. ஏற்கெனவே வயதான டயர்கள், நின்ற இடத்திலேயே நின்று அடிப்பக்கம் தட்டையாகி, பக்கவாட்டில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு விட்டன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு, டயரை மாற்றிவிட்டு வண்டியைக் கொடுத்துவிடலாம் மாமா, அவளோடு வேலை பார்த்த டாக்டர் ஒருவர் கேட்கிறார் என்றார். மாமனார் தலையாட்டினார். நியாயமான பேச்சுதானே. இருவருமாக வண்டியை ஊர்வலம் போல ஓட்டிக்கொண்டு கடைக்கு வந்தார்கள்.

கடையின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் மாமனாருக்கு உறைத்தது. டயரை மாற்றினால் வண்டி போகும். வண்டி போனால் மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை எதற்காக வருவார்? பேரன் பேத்தி என்று ஒன்றும் இல்லை. நடுவில் இருந்தவள் போய்விட்டாள். மிச்சம் இருக்கும் இந்த இரண்டு பேருக்கு இடையில் உள்ளதற்கு என்ன பெயர் என்று அவர் புரட்டிய எந்த அகராதியிலும் இல்லை. முதலில் வாரம் தவறாமல் வருவார். பிறகு போனில் பேசுவார். அப்புறம்? வீட்டில் ஒரே ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்க்கும் சத்தம் அவருக்கு அங்கேயே கேட்டது. பயந்துபோனார். பூதக்கண்ணாடியை எடுத்தது அதற்குப் பிறகுதான்.

அன்று கடைக்காரர் இன்னும் மூன்று வகை காட்டினார். ஒன்று பந்தயத்துக்கென்றே செய்தது போன்ற மெத்தென்ற ரப்பர். சூடேறினால் சாலையை விடாது, ஆனால் சீக்கிரம் தேயும். இன்னொன்று வருஷக்கணக்கில் உழைக்கும், வளைவில் மட்டும் கொஞ்சம் யோசிக்கும். மூன்றாவது மழைக்குப் பேர் போனது. இந்தப் பள்ளமெல்லாம் தண்ணீரை இரண்டு பக்கமும் ஒதுக்கித் தள்ளிவிடும் என்று கடைக்காரர் காட்டியபோது, மாமனார் அதில் விரலை விட்டு மெல்லத் தடவினார். மழை நாட்களில் மகள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வரை ஜன்னலோரம் நின்ற மனிதர் அவர். எவ்வளவு உற்றுப் பார்த்தும் அந்த டயரில் ஒரு குறையும் அகப்படவில்லை. அதனால், இது சத்தம் போடும் என்றார். மாட்டாமலே எப்படித் தெரியும் என்று கடைக்காரர் கேட்டதற்கு, பார்த்தாலே தெரிகிறது என்றார்.

வெடித்த டயரோடு எடுத்துப் போக வேண்டாம் என்று சொல்லிப் பட்டாணியைக் கடைக்காரர் பின்கட்டிலேயே நிறுத்திக்கொண்டார். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் மாப்பிள்ளை தம் சொந்த வண்டியில் மாமனாரை அழைத்துக்கொண்டு கடைக்கு வந்தார். மாமனாரும் தம் பங்குக்குக் குறை தவறாமல் கொண்டுவந்தார். முன்டயரைவிடப் பின்டயர் ஏன் அகலம் என்று விளக்கச் சொல்லி ஒரு காலையைக் கழித்தார். சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி கோணலாக இருக்கிறது என்று ஒரு டயரைத் தள்ளினார். ஒரு தடவை, வேறு கடை பார்க்கலாம் என்று ஊரின் அடுத்த கோடிக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. அது அவருக்கு முன்பே தெரியும். மாப்பிள்ளை ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை. எங்காவது சாப்பிட்டுவிட்டு, அவரை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "அடுத்த வாரம் பார்ப்போம் மாமா" என்பார். இத்தனை கூத்தும் அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். அதை வைத்துக்கொண்டு அவர் அடுத்த ஞாயிறு வரை தள்ளிவிடுவார்.

நடுவில் ஒரு வாரம், கடைக்காரர் பட்டாணியின் பழைய டயர் ஒன்றைக் கழற்றி உருட்டிக்கொண்டு வந்தார். அதன் வெளி விளிம்பு மட்டும் மழுங்கத் தேய்ந்திருந்தது. இப்படித் தேய வேண்டுமென்றால் ஓட்டியவர் வளைவுகளில் வேகத்தைக் குறைக்காமல் திருப்பியிருக்க வேண்டும் என்றார். மாமனார் ஒத்துக்கொள்ளவில்லை. என் மகள் ஆமை மாதிரி ஓட்டுவாள், நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன் என்று சண்டைக்குப் போனார்.

மாப்பிள்ளை சிரித்தார். அவள் போன பிறகு அவர் சிரித்ததை மாமனார் அன்றுதான் பார்த்தார்.

"உங்களை இறக்கி விட்டப்புறம் ரெண்டாவது சுற்று எனக்கு மாமா. மலைப்பாதையில. நான் கண்ணை இறுக்கி மூடிக்குவேன்."

மாமனாருக்கும் சிரிப்பு வந்தது. தமக்காக அவள் மெதுவாக ஓட்டியிருக்கிறாள். இத்தனை நாள் அதை அவளுடைய சுபாவம் என்று நினைத்திருக்கிறார். தேய்ந்த விளிம்பின் மேல் கையை வைத்தபடி வெகுநேரம் இருந்தார். மகளைப் பற்றித் தெரியாத ஒன்றைச் சொல்வதற்கு இந்த உலகத்தில் இனி இந்த ஒரு ஆள்தான் மிச்சம் என்று தோன்றியது. அடுத்த வாரத்துக்கான குறையை அன்றே யோசிக்க ஆரம்பித்தார்.

சில வாரங்கள் கழித்து, ரப்பர் வாசனை அதிகமாக இருக்கிறது என்று சொல்லலாமென்று தயாராகி வந்திருந்தார். கடைக்குள் நுழைந்ததும் மாப்பிள்ளைக்குப் போன் வந்தது. அவர் தெருவோரத்துக்குப் போனார். கடைக்காரர் மாமனாருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. பின்னாடி இடமே இல்ல. உங்க டயர் நாலும் வந்து ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு."

எங்கள் டயரா என்றார் மாமனார்.

"முதல் நாள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தீங்களே, அதேதான். அன்னிக்குச் சாயந்திரமே உங்க மாப்பிள்ளை திரும்பி வந்து வரவழைக்கச் சொல்லிட்டார். மாமாவுக்கு இதுதான் பிடிச்சிருக்கு, ஆனா அவரா சொல்ற வரைக்கும் மாட்ட வேணாம், அவர்கிட்ட சொல்லவும் வேணாம்னார்." சொல்லிவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டவர், சொன்னதுதான் சொன்னோம் என்று மிச்சத்தையும் சொன்னார். "அவரும் பாவம் சார். வெளிநாட்டுல ஏதோ பால வேலையாம். ரெண்டு தடவை பயணத்தைத் தள்ளிப் போட்டுட்டார். அதோ, அங்க நின்னுதான் போன்ல கெஞ்சிகிட்டிருப்பார்."

மாமனார் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தார். மாப்பிள்ளை ஒரு கையால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, எதிரில் இல்லாத யாருக்கோ தலையாட்டிக்கொண்டிருந்தார். இத்தனை வாரமும் தாம்தான் தந்திரம் செய்வதாக மாமனார் நினைத்திருந்தார். வாழ்நாள் முழுக்கப் பிறர் எழுதியதைப் படித்தவரை, இந்தப் பிள்ளை சத்தமில்லாமல் படித்து வைத்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. இன்னொரு ஞாயிறு கேட்டால் கிடைக்கும் என்பதுதான் இன்னும் கொடுமை. இன்னொரு வருஷம் கேட்டாலும் கிடைக்கும். உப்பு குறைந்தால்கூடச் சொல்லாமல் சாப்பிடுகிற ஆள் அவர்.

"அதையே மாட்டிடுங்க" என்றார்.

மாப்பிள்ளை போனை வைத்துவிட்டு உள்ளே வந்தபோது பட்டாணி நான்கு சக்கரமும் கழன்று, வண்டி தூக்கும் லிஃப்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் வண்டியைப் பார்த்தார், மாமனாரைப் பார்த்தார்.

"சத்தம் போடும்னீங்களே மாமா?"

"போட்டாப் போடட்டும் மாப்ள."

புது ரப்பர் முதலில் கொஞ்சம் வழுக்கும், சாலையில் உரசி மேல்தோல் போகும் வரை நிதானமாக ஓட்டுங்கள் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பினார். மாப்பிள்ளை தம் வண்டியைக் கடை வாசலில் விட்டுவிட்டுப் பட்டாணியை எடுத்தார். மாமனார் முனகிக்கொண்டே குனிந்து மடங்கித் தம் பழைய இருக்கையில் போய் விழுந்தார். வண்டி ஆமையாக ஊர்ந்தது. அவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். டயர் சத்தமே போடவில்லை.

பூங்காவைத் தாண்டும்போது, முன்னால் போகும் சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்தப் பாலம் எவ்வளவு நீளம் மாப்ள?"

மாப்பிள்ளை வண்டியை ஓரம் கட்டி அணைத்தார். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"உங்களைத் தனியா விட்டுட்டு எப்படி மாமா போறது?"

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. மாமனார் அவரைப் பார்த்தார். ஒரு காலத்தில் ஆறு மாசம் குறை தேடிய முகம். இப்போது ஒரே ஒரு குறைதான் மிச்சமிருந்தது, இவர் போகப் போகிறார் என்பது. போகாதீங்க என்று சொன்னால் அதையும் திருத்திவிடலாம். அந்தச் சொல் வாய் வரை வந்துவிட்டது. மாமனார் அதை விழுங்கினார்.

"அச்சிடலாம் மாப்ள" என்றார்.

மாப்பிள்ளைக்கு அந்த வார்த்தை தெரியும். நிமிர்ந்து பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. மாமனார் அவர் முதுகில் கையை வைத்து, எடுக்காமல் வைத்திருந்தார். மகளுக்காக இருவரும் சேர்ந்து அழுதது அன்றுதான்.

வீட்டு வாசலில் மாப்பிள்ளை சுற்றி வந்து கை கொடுத்து அவரை இறக்கிவிட்டார். பழக்க தோஷத்தில், "அடுத்த வாரம்" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். மாமனார் தலையாட்டினார். அடுத்த வாரம் பட்டாணி அந்த டாக்டர் வீட்டில் நிற்கும். மாப்பிள்ளை பயணத்துக்கு மூட்டை கட்டிக்கொண்டிருப்பார்.

மாமனார் உள்ளே போகாமல் வாசற்படியிலேயே நின்று பார்த்தார். பட்டாணி தெருமுனைக்குப் போனது. பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் இன்னும் உள்ளே உட்கார்ந்திருப்பதைப் போல, வளைவில் மெதுவாகத் திரும்பியது.