ராய்ஸின் அறையில் ஒரு குட்டி

என் அண்ணன் ராய்ஸின் படகு கரைக்கு வந்தது. அவன் வரவில்லை. சிங்கி இறால் பிடிக்கப் போனவன். எங்கள் துறைமுக வாய்க்கு நரக வாசல் என்றுதான் பெயர். அதற்கு வெளியே எஞ்சின் ஓடியபடி, ஆளில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த படகை மற்ற படகுக்காரர்கள் கட்டி இழுத்து வந்தார்கள். உடல் கிடைக்கவே இல்லை. டாஸ்மேனியாவின் மேற்குக் கரையில் கடல் எதையும் லேசில் திருப்பிக் கொடுக்காது.

அவன் மனைவி கிளெனிஸ் அழுது நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவள் வேலைக்குப் போவதை நிறுத்தினாள். பிறகு கடைக்குப் போவதை நிறுத்தினாள். கடைசியில் வாசல் கதவைத் திறப்பதையே நிறுத்திவிட்டாள். அவளோடு மிஞ்சியிருந்தது ராய்ஸின் பூனை பிஸ்டன் மட்டும்தான். குட்டியாக இருந்தபோது அவனுடைய வண்டி எஞ்சினுக்குள் மாட்டிக்கொண்டு கத்தியது அது. பாதி எஞ்சினைக் கழற்றித்தான் வெளியே எடுத்தான். சாம்பல் நிறம், கிழிந்த காது. அவனைத் தவிர வேறு யாரையும் மனிதராக மதிக்காது.

வீட்டில் ஒரு சின்ன உயிர் ஓடியாடினால் இவள் எழுந்து நடமாடுவாள் என்று நினைத்து, ஒரு நாள் காலை என் கோட்டுக்குள் ஒரு பூனைக்குட்டியை வைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

"என்னடி இது, நரெல்?"

"பூனைக்குட்டி."

"கண்ணு தெரியுது எனக்கு. எதுக்குன்னு கேட்டேன்."

"எங்க பக்கத்து வீட்டுக் கொட்டகையில ஒரு பூனை குட்டி போட்டிருந்துச்சு. வேண்டாம்னா சொல்லு, திரும்பத் தூக்கிட்டுப் போறேன். இந்த மழையில."

"மழைய வேற துணைக்குக் கூப்பிட்டுக்கோ. இந்த ஊர்ல என்னிக்குடி மழை இல்ல?"

சொல்லிக்கொண்டே கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். உள்ளங்கையில் அடங்கிவிட்ட அதைப் பார்த்து, "பட்டன் அளவுதான் இருக்கு" என்றாள். அதுவே பெயராயிற்று.

"பிஸ்டன், பட்டன். ஒர்க்‌ஷாப்பும் தையக்கடையும் ஒரே வீட்டுலயா?" என்றேன். கிளெனிஸ் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

இருக்கிற பூனைக்குப் புதுக் குட்டியை எடுத்த எடுப்பில் காட்டக்கூடாது என்று விலங்கு மருத்துவரிடம் வேலை பார்க்கும் நர்ஸ் எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள். குட்டியைத் தனி அறையில் வைக்க வேண்டும். ஒன்று படுத்த துணியை மற்றதற்கு மோப்பம் பிடிக்கக் கொடுக்க வேண்டும். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு தட்டு, இந்தப் பக்கம் ஒரு தட்டு வைத்துச் சாப்பாடு போட வேண்டும். வாசனை பழகிய பிறகுதான் முகம் பார்க்க விடலாம்.

அந்த வீட்டில் ஈரத்தில் உப்பிப்போகாமல் ஒழுங்காகச் சாத்துகிற கதவு ராய்ஸின் அறைக்குத்தான் இருந்தது.

"அங்க வேண்டாம்" என்றாள் கிளெனிஸ்.

"ஏன்? சும்மாதானே கிடக்கு?"

அவள் குட்டியின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். "சும்மா கிடக்கல. அங்க அவன் இருக்கான்."

படகுகள் திரும்புகிற பொழுது வரைக்கும் என்னை இருக்கச் சொன்னாள். இருந்தேன். சாயங்காலம் பிஸ்டன் அடுப்பருகிலிருந்து எழுந்து பின்கதவின் முன்னால் போய் நின்றது. கொஞ்ச நேரத்தில் வாலைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் சாய்ந்து உரசியது. அங்கே எதுவும் இல்லை. ஆனால் ஒரு ஆளின் காலில் சாய்வதுபோல முழு உடம்பையும் சாய்த்தது, விழவில்லை. பிறகு யாரோ ஒருவரின் நடைக்கு ஈடுகொடுத்து, அண்ணாந்து பார்த்தபடி நடைவழியில் அந்த அறை வரைக்கும் போனது.

"தினமும் இப்படித்தான்" என்றாள் கிளெனிஸ்.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. என்றாலும் அவன் என் அண்ணன்தானே. "அப்ப குட்டிக்கு நல்ல துணைதான்" என்று சொல்லிவிட்டுப் பட்டனை உள்ளே விட்டு நானே கதவைச் சாத்தினேன்.

முதலில் பிஸ்டன் கதவைப் பார்த்துச் சீறியது, தட்டைத் தொடவில்லை. தட்டைத் தள்ளி வைத்து, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கதவருகில் நகர்த்தினோம். ஒரு நாள் கதவின் அடியிலிருந்து குட்டியின் பாதம் நீண்டது. பிஸ்டன் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, அடிக்காமல் உட்கார்ந்துகொண்டது. நர்ஸ் சொன்னபடியே எல்லாம் நடந்தது.

உள்ளேதான் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. தனியாக இருக்கிற குட்டி கத்தி ஊரைக் கூட்டும் என்பார்கள். பட்டன் கத்தவில்லை. யாரோ வயிற்றைச் சொறிந்துவிடுவதுபோலக் கரகரவென்று கொஞ்சிக்கொண்டிருந்தது. கிளெனிஸ் கதவில் காதை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்பாள்.

"வந்த குட்டிக்குத் தெரியறான். பிஸ்டனுக்குத் தெரியறான். இந்த வீட்டுல எனக்கு மட்டும்தான்டி அவன் தெரிய மாட்டேங்கறான்."

அப்புறம் அந்தக் கொஞ்சல் நின்றுபோனது. பட்டன் சாப்பிடவில்லை. நான் கதவைத் திறந்தபோது மூலையில் ஒடுங்கி நடுங்கிக்கொண்டிருந்தது. தூக்கினேன். முதுகு முழுக்க ஈரம். கூரை ஒழுகுகிறதா என்று பார்த்தேன், ஒழுகவில்லை. நாற்காலியில் கிடந்த ராய்ஸின் கம்பளிச் சட்டையும் நனைந்திருந்தது. விரலை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

கிளெனிஸிடம் சொன்னேன். அவள் குட்டியின் முதுகைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "ரெண்டையும் இன்னிக்கே பார்க்க விட்டுடலாம்" என்றாள்.

சண்டை வந்தால் மேலே போட ஒரு கனத்த துண்டை எடுத்துக்கொண்டு நான் நின்றேன். வழக்கம்போல பிஸ்டன் பின்கதவிலிருந்து நடைவழியில் வந்தது. ஆனால் இந்த முறை வால் தாழ்ந்திருந்தது. கிளெனிஸ் அறைக் கதவைத் திறந்தாள். பிஸ்டன் நேராகக் குட்டியிடம் போனது. குட்டி தரையோடு ஒட்டிக்கொண்டது. பிஸ்டன் அதன் தலையை முகர்ந்தது. பிறகு திரும்பி, குட்டியைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நாற்காலியைப் பார்த்து நின்றது. முடியெல்லாம் சிலிர்த்து உடம்பு இரண்டு மடங்காயிற்று. அப்படியொரு உறுமலை நான் எந்தப் பூனையிடமும் கேட்டதில்லை.

நாற்காலியில் சட்டை மட்டும்தான் கிடந்தது. ஆனால் பிஸ்டனின் கண்கள் நாற்காலியிலிருந்து மெல்ல மேலே ஏறின. பிறகு எங்கள் பக்கம் நகர்ந்து, கிளெனிஸுக்கு நேர் எதிரே வந்து நின்றன.

"அவனப் பார்த்து இது ஒருநாளும் சீறினதில்ல" என்றாள் கிளெனிஸ். குரல் நடுங்கவில்லை. அவள் போய்ப் பின்கதவை அகலத் திறந்தாள். மழை உள்ளே அடித்தது. பஸ்ஸில் ரகளை பண்ணும் பிள்ளைகளை அதட்டுகிற குரலில் சொன்னாள்: "யாரா இருந்தாலும் சரி, வெளிய போ. என் வீட்டுல பச்சக் குட்டிய பயமுறுத்தற வேலை வேண்டாம். ராய்ஸ், நீயா இருந்தாலும்தான். போ."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரைக்கும் வந்தது. நான் சொல்லவில்லை. பிஸ்டனின் தலை மெதுவாகத் திரும்பியது. பார்வை நடைவழியில் ஊர்ந்து, பின்கதவைத் தாண்டி, மழைக்குள் வெகுதூரம் போய் நின்றது. முடி படிந்தது. அது உட்கார்ந்து குட்டியின் ஈர முதுகை நக்கத் தொடங்கியது.

இப்போது இரண்டும் ஒரே கூடையில் தூங்குகின்றன. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் பிஸ்டன் ஒரு அறை கொடுக்கும், பட்டன் வாங்கிக்கொள்ளும். சாயங்காலத்தில் பின்கதவுக்கு எந்தப் பூனையும் போவதில்லை. கிளெனிஸ் மறுபடியும் பஸ் ஓட்டுகிறாள்.

ஒரு நாள் தேநீர் குடிக்கும்போது கேட்டாள். "அது அவனாவே இருந்திருந்தா, நரெல்?"

"அவனா இருந்தா பிஸ்டன் ஏன் சீறணும்?"

"இவ்வளவு நாள் தண்ணியில கிடந்தா, யாரும் பழைய மாதிரி இருப்பாங்களா?"

நான் கோப்பையைக் கழுவுகிறமாதிரி எழுந்துகொண்டேன்.

என் வீடு அவள் வீட்டுக்கு அடுத்த தெருவில், துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கிறது. படகுகள் திரும்புகிற நேரத்தில் நான் பின்கதவைச் சாத்துவதில்லை. என்னிடம் பூனை கிடையாது. யார் வந்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.