நாக்கடியில் இரண்டு நிமிடம்

விதைப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. தட்டில் பரப்பிய விதைகளில் கலப்பு இருக்கிறதா என்று இடுக்கியால் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு தும்மல் போதும், காலையிலிருந்து பிரித்ததெல்லாம் ஒன்றாகிவிடும். தூசியில் வாழும், கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி எனக்கு ஒத்துக்கொள்ளாது. தும்மல் நிற்காவிட்டால் முன்மேசைக்கு மாற்றிவிடுவேன் என்று அதிகாரி சொல்லியிருந்தார். அங்கே நாள் முழுக்க, விதை கொண்டுவரும் ஆட்களோடு பேச வேண்டும். அதற்குத் தும்மலே மேல்.

டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார். அதே பூச்சியின் சாறுதான். கொஞ்சம் கொஞ்சமாக உடம்பைப் பழக்குவது. தினமும் நாக்குக்கு அடியில் விட்டு, இரண்டு நிமிடம் விழுங்காமல், பேசாமல் இருக்க வேண்டும்.

அம்மாவுக்கு வாய்த்தது யோகம். நான் எதிர்த்துப் பேசுகிற விஷயங்களையெல்லாம் அந்த இரண்டு நிமிடத்துக்கென்றே சேர்த்து வைத்தாள்.

"பேசாமதான் இருக்கே. சம்மதம்னு பெரியம்மாகிட்ட சொல்லிடறேன்" என்றாள் ஒருநாள், யாரோ ஒரு மாப்பிள்ளையைப் பற்றி.

மடக்கென்று விழுங்கிவிட்டுச் சண்டைக்குப் போனேன். பல நாள் இதே கதை. அடுத்த முறை டாக்டர் என் மூக்கைப் பார்த்துவிட்டு, மருந்தை ஒழுங்காகப் போடுகிறாயா என்று கேட்டார்.

அதனால் மருந்தை வேலைக்கே எடுத்துப் போனேன். அங்கே என்னிடம் யாரும் பேசுவதில்லை.

முதல் நாள், சொட்டு விட்ட கையோடு அதிகாரி வந்து நின்றார். முன்மேசைப் பெண் பிரசவத்துக்கு லீவில் போகிறாளாம்.

"நாளைலேர்ந்து நீங்க அங்க உட்காருங்க. முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்கம்மா."

நாக்கடியில் அரித்தது. வாய் நிறைய எச்சில். இன்றைக்கும் விழுங்கினால் இந்த மருந்து எப்போது வேலை செய்வது? பொறுங்கள் என்று கையைக் காட்டினேன். அவர் கைபேசியைப் பார்த்தபடியே போய்விட்டார்.

இரண்டு நிமிடம் முடிந்ததும் அவர் அறைக்கு ஓடினேன். உத்தரவு மேலே போய்விட்டதாம்.

"கேட்டப்ப கல்லு மாதிரி நின்னீங்களேம்மா."

"வாயில மருந்து சார். இங்கேயே இருக்கணும்னுதான் அந்த மருந்தே."

"துப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே" என்றார்.

மறுநாள் முன்மேசையில் உட்கார்ந்தேன். முதலில் வந்தவர் ஒரு சாக்கை என் மூக்குக்கு நேரே பிரித்து உதறினார். சாக்குகளையெல்லாம் இங்கேதான் பிரிப்பார்களாம். உள்ளே எனக்கு வந்ததெல்லாம் தூசி போகச் சலித்த விதை.

"எப்படி இருக்குன்னு பாத்துச் சொல்லுங்கம்மா" என்றார்.

நான் தும்மி முடிக்கும்வரை, பாவம், பொறுமையாக நின்றார்.