மாடியில் தொலைநோக்கி

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். வானிலை ஆபீஸ் வெங்கடாசலத்துக்குத் திண்டிவனத்தில் மாடியோடு வீடு வேண்டியிருந்தது. விசாலாட்சி தன் மாடியறையை வாடகைக்கு விட்டாள். கணவன் போன பிறகு நிலம், வீடு எல்லாம் அவள் பொறுப்புதான்.

காலையில் வெங்கடாசலம் வெள்ளை பலூன் ஒன்றில் வாயு நிரப்பிப் பறக்கவிடுவார். பிறகு முக்காலிமேல் நின்ற தொலைநோக்கியில் கண்ணை வைத்து, பலூன் மறையும்வரை அதைத் திருப்பிக்கொண்டே இருப்பார்.

களத்து வேலையைக் கவனித்துவந்த கொழுந்தன் விருத்தாசலத்துக்கு இது பிடிக்கவில்லை.

"அண்ணி, அவன் பலூனைப் பாக்கறான்னா நெனச்சிக்கினு இருக்கீங்க? கொளத்துல குளிக்கிற பொம்பளைங்கள பாக்கறான். ஜல்தி காலி பண்ணச் சொல்லுங்க."

அந்தப் பேச்சு அவள் மனசில் முள்ளாய்த் தைத்தது. மறுநாள் மாடிப்படியில் ஒளிந்து நின்று பார்த்தாள். பலூனைக் கையில் எடுக்குமுன்பே தொலைநோக்கி கீழே தாழ்ந்தது. குளம் இருந்த பக்கமாகவே திரும்பி நின்றது.

விறுவிறுவென்று மேலே ஏறினாள்.

"அங்க என்னா சார் பாக்கறீங்க?"

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "பெருமுக்கல் மலைம்மா. அதை அடையாளமா வெச்சாத்தான் பலூன் எந்தத் திசையில போகுதுன்னு சரியா தெரியும். அதுலேருந்து மேல காத்து எப்படி அடிக்குதுன்னு கணக்குப் போடுவோம். பிளேன் ஓட்டறவங்களுக்கு வேணும்."

"நவுருங்க, நான் பாக்கறேன்."

அவர் பலூனை விட்டுவிட்டு, கண்ணாடியை அதற்கு நேராக வைத்துக் கொடுத்தார். நிலா மாதிரி வெள்ளையாக ஒன்று நடுங்கியது. கண்ணிமைப்பதற்குள் நழுவிப் போனது. அவளுக்குப் பாதி மனசுதான் ஆறியது. தானே கண்ணாடியைக் கீழே தாழ்த்தினாள்.

அந்தக் கருவியில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரிந்தது. குளத்தைப் புளியமரங்கள் மறைத்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கப்பால் வேர்க்கடலை காயப்போடும் அவளுடைய மல்லாட்டைக் களம். அங்கே ஒரு மாட்டுவண்டி நிற்க, ஆட்கள் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்று கையை ஆட்டியவன் விருத்தாசலம். மல்லாட்டை இன்னும் காயவில்லை என்று நேற்றுத்தான் அவளிடம் சொல்லியிருந்தான்.

மாடியில் ஆள் நிற்பது அவனை ஏன் உறுத்தியது என்று இப்போது அவளுக்குப் புரிந்தது.

நேரே களத்துக்கு நடந்தாள். மாட்டுக்கு முன்னால் போய் நின்றாள்.

"யேவாரிக்கிட்ட காட்டத்தான் அண்ணி..." என்று இழுத்தான் அவன்.

"மூட்டைய எறக்கு."

அவன் தலையைக் குனிந்துகொண்டு இறக்கினான். அன்று முதல் களத்துப் பொறுப்பு பொன்னியிடம் போனது. மல்லாட்டை பிடுங்க வருகிறவர்களில் விசாலாட்சி நம்பியது அவள் ஒருத்தியைத்தான்.

வெங்கடாசலத்தை அவள் காலி பண்ணச் சொல்லவில்லை. ஆனாலும் நெஞ்சின் ஓரத்தில் ஒரு நெருடல் இருந்தது. மரங்கள் இலை உதிர்த்தால் குளம் தெரியாதா?

"பலூன் விடறப்ப எனக்கு ஒரு கொரல் குடுங்க சார்," என்றாள். "நானும் வந்து நிக்கிறேன்."