ஒலி முகம்மது சொன்ன ஐயாயிரம்

1

இந்தக் கதை பிறந்தது தெம்பனிஸில், என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். நான் கட்டாமல் விட்ட வருமானவரிக்காக இரண்டாவது கடிதம் வந்திருந்தது. தொலைபேசியில் தவணை கேட்டு வாங்கிய பிறகும் முகத்தின் சூடு தணியவில்லை. இந்த ஊருக்கு வருமானவரி முதலில் வந்தது 1917இல், போர்ச் செலவுக்காக. அன்று அப்படியொரு கடிதத்தைப் பிரித்த தமிழர் ஒருவர் எப்படி இருந்திருப்பார் என்று யோசித்தேன். அவர் எந்த ஆவணத்திலும் இல்லை. நானாக உண்டாக்கினேன். உண்டாக்கியதற்கு இப்போது வருந்துகிறேன்.

2

முதல் தொடக்கம்: 'சிராங்கூன் சாலையில் அன்று நல்ல மழை...' வேண்டாம். மழையை வைத்தால் துயரம் அழகாகிவிடும்.

இரண்டாவது: ஒலி முகம்மது நாகூர்க்காரர். சிராங்கூன் சாலையில் மாட்டுக் கொட்டில்களுக்கு எதிரே பிண்ணாக்குக் கடை வைத்திருந்தார். வருடத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி கிடைத்தால் பெரிது. மகள் மைமூனைத் தம் மகனுக்குப் பெண் கேட்டு வந்த அஹமது கபீரிடம், "வருசத்துக்கு வருமானம் ஐயாயிரத்துக்குக் குறையாதுங்க" என்று சொல்லிவிட்டார். கபீர் அரசாங்க அலுவலகத்தில் துபாசி. தமிழர்கள் சொல்வதை வெள்ளைக்கார அதிகாரிக்கு ஆங்கிலத்தில் சொல்பவர். அவர் முன்னால் சிறுத்துப்போக ஒலி முகம்மதுக்கு மனம் வரவில்லை.

[இங்கே அவரைப் பேராசைக்காரராக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அது பெண்ணைப் பெற்றவரின் பயம்.]

நிக்காஹ் நடந்தது. அதே வருடம் வரிப் படிவம் வந்தபோது சம்பந்தியே உதவிக்கு வந்து உட்கார்ந்தார்.

"வருமானம் ஐயாயிரம்னுதானே போடணும்?"

ஒலி முகம்மது தலையாட்டினார். காட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டார்.

3

முதல் வரிக்கு மனைவி ஆமினா பீவியின் காப்புகள் போயின. அடுத்த வரிக்குப் போக ஒன்றுமில்லை. போர் முடிந்தும் கடிதங்கள் முடியவில்லை. கடைசிக் கடிதம் பதினான்கு நாள் கெடு வைத்தது. தவறினால் சரக்கு ஏலத்துக்குப் போகும்.

"உள்ளதைச் சொல்லிடுங்க. கடை போனா சோறு ஏது?" என்றார் ஆமினா பீவி.

"சொன்னா அந்த வீட்டுல மைமூனுக்கு மதிப்பு இருக்குமா?"

பதிமூன்றாம் நாள் வரி அலுவலகத்துக்குப் போனார். அதிகாரியின் மேசைக்குப் பக்கத்தில் துபாசியாக நின்றது கபீர்தான்.

"வரி ஏன் கட்டலைன்னு துரை கேக்குறாரு."

ஒலி முகம்மது தரையைப் பார்த்தபடி சொன்னார்: "என் வருமானம் ஆயிரத்து ஐந்நூறுதான். உங்ககிட்ட சொன்னது பொய். அப்படியே துரைகிட்ட சொல்லிடுங்க, சம்பந்தி."

கபீர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஆங்கிலத்தில் பேசினார். ஒலி முகம்மது சொன்னதைவிட நீளமாகவே பேசினார். அதிகாரி படிவத்திலிருந்த கையெழுத்தை விரலால் தட்டிக் காட்டி ஏதோ சொன்னார்.

"முடியாதுங்குறாரு," என்றார் கபீர். வாசல்வரை கூடவே வந்தார்.

(கபீர் என்ன சொன்னார்? ஒரு பிரதியில் சம்பந்திக்காகக் கெஞ்சினார். இன்னொன்றில், படிவத்தை நிரப்பிய கை தன்னுடையது என்று தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்து, "அவகாசம் கேட்கிறார்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். இரண்டையும் கிழித்துவிட்டேன். ஒலி முகம்மதுக்கு ஆங்கிலம் தெரியாது. அவருக்குத் தெரியாத ஒன்று எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?)

4

சரக்கு ஏலம் போனது. தராசையும் தூக்கிக்கொண்டு போனார்கள். அன்று மதியம் ஏழு மாத வயிற்றோடு மைமூன் கடைக்கு வந்தாள். உட்காரச் சொல்ல ஒரு மூட்டைகூட இல்லை.

"வாப்பா, மாமா துரைகிட்ட உங்களுக்காகப் பேசினாங்களா?"

ஒலி முகம்மது வாயைத் திறக்கிறார். மூன்று நாளாக நான் இந்த வரியிலேயே நிற்கிறேன். "பேசினாங்க" என்றால், அது அவருடைய இரண்டாவது பொய்யாக இருக்கலாம். "தெரியலைம்மா" என்றால், மாமனாரின் முகத்தை அவள் இனி எப்படிப் பார்ப்பாள்?

பதிலை நீங்கள் சொல்லுங்கள். அவள் இன்று மாலையே அந்த வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டியவள். அதை மட்டும் மறந்துவிடாமல் சொல்லுங்கள்.